முடிவு தெரிந்த கதைகாரர்

மன்னார்த் தீவின் கரையோரத்தில், கீரியிலும் அதன் அண்டை அயலிலும், பின்னேரமானால் அடிக்கடி கேட்ட ஒரு சொல் உண்டு: "காணும்." கூரை ஓரத்தில் ஒருவர் இரும்புக் குழாயை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்புவார். வாசற்படியில் நிற்பவர் உள்ளே ரீவியையும் வெளியே குழாயையும் மாறிமாறிப் பார்த்துக் குரல் கொடுப்பார். "இன்னும் கொஞ்சம்... கூடிப்போச்சு, திரும்பக் கொண்டுவா... ஆ, காணும் காணும்!" குழாயின் உச்சியில் தின்று முடித்த மீன்முள்ளைப் போல அன்ரனா நிற்கும். வெக்கையான, காற்றில்லாத இரவுகளில் படம் கண்ணாடியாக விழும். மாரி தொடங்கினால் திரை முழுக்க எறும்பு ஊரும்.

அந்த அன்ரனா எந்தப் பக்கம் பார்த்தது என்பதில்தான் இந்தக் கதை இருக்கிறது.

கீரிக்குக் கிழக்கே, மாங்குளம் பக்கத்தில் கொக்காவில். வடக்குக்கு ரூபவாஹினியின் ஒளிபரப்பைத் தந்துகொண்டிருந்த கோபுரம் அங்கே இருந்தது. 1990 ஜூலையில் கொக்காவில் முகாம் வீழ்ந்தது, கோபுரமும் போயிற்று. அதன் இடத்தில் 174 மீற்றர் உயரப் புதுக் கோபுரம் எழ 2011 ஆகிவிட்டது. மேற்கே கடலைத் தாண்டினால் இராமேஸ்வரம். 1990களில் தூர்தர்ஷன் அங்கே 323 மீற்றர் உயரத்துக்கு ஒரு கோபுரம் எழுப்பியது. அதற்கு முன்னரே கொடைக்கானல் மலையிலிருந்து தமிழ் ஒளிபரப்பு காற்றோடு வந்துகொண்டிருந்தது. கீரியிலிருந்து அளந்தால் கொக்காவிலும் இராமேஸ்வரமும் கிட்டத்தட்டச் சம தூரம். இரண்டும் அறுபது எழுபது கிலோமீற்றருக்குள் அடங்கும். ஒன்று இருபது வருடம் ஊமையாகக் கிடந்தது. மற்றது பேசிக்கொண்டே இருந்தது. அன்ரனா பேசுகிற பக்கம் திரும்பியதில் என்ன அதிசயம்?

தலைமன்னாருக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையில் ஓடிய கப்பல் 80களின் நடுப்பகுதியோடு நின்றுவிட்டது. தலைமன்னார் ரயில் 1990இல் நின்று, 2015 மார்ச்சில்தான் திரும்பி வந்தது. கப்பலும் இல்லை, ரயிலும் இல்லை என்றான காலத்தில் கடல் தாண்டி வந்த ஒரு தொடரின் பெயர் 'ரயில் சினேகம்'. எழுதி இயக்கியவர் கே. பாலசந்தர். வி. எஸ். நரசிம்மனின் இசையும், சித்ரா பாடிய அந்த வீணைப் பாட்டும் இன்றைக்கும் அறுபது வயதுக்காரர்களின் வாயில் நிற்கின்றன. கதை மறந்தவர்களுக்குக்கூடப் பாட்டு மறக்கவில்லை.

பாலசந்தர் என்றதும் கமலையும் ரஜினியையும் பேசத் தொடங்குவது நம்மவர்களின் பழக்கம். 'அபூர்வ ராகங்கள்' (1975), 'தண்ணீர் தண்ணீர்' (1981), 'சிந்து பைரவி' (1985) என்று பட்டியல் நீளும். தொலைக்காட்சித் தயாரிப்பாளராகவும் எழுத்தாளராகவும் அவர் செய்ததை அடிக்குறிப்பாகத் தள்ளிவிடுகிறார்கள். அது அநியாயம். சினிமாவில் அவருக்கு ஈடுசொல்லப் பலர் உண்டு. தமிழ்ச் சின்னத்திரைக்கு எழுத்து என்று ஒன்று உண்டு என்று காட்டியவர்களைத் தேடினால் அவரைத் தாண்டிப் போக வழியில்லை.

அவர் இந்தப் பக்கம் வந்தபோது வயது 60ஐத் தொட்டிருந்தது. படம் கிடைக்காதவர்கள்தான் ரீவிக்குப் போவார்கள் என்று சினிமாக்காரர்கள் பேசிக்கொண்ட காலம். பாலசந்தருக்குப் படத்துக்குக் குறைவே இல்லை. 1991இல் 'அழகன்', 1992இல் 'வானமே எல்லை' என்று இயக்கிக்கொண்டிருந்தார். அதே 1992இல் அவருடைய கவிதாலயா நிறுவனம் ரஜினிகாந்தின் 'அண்ணாமலை'யையும் மணிரத்னத்தின் 'ரோஜா'வையும் வெளியிட்டது. இப்படியொரு வருடம் வாய்த்த தயாரிப்பாளருக்கு வரவேற்பறைப் பெட்டிக்கு எழுத வேண்டிய அவசியம் என்ன?

விடை அவருடைய தொடக்கத்தில் கிடக்கிறது. அப்போது தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்த நன்னிலத்துக்குப் பக்கத்தில், நல்லமாங்குடியில் 1930 ஜூலை 9இல் பிறந்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்தார். முத்துப்பேட்டையில் கொஞ்ச நாள் பள்ளி ஆசிரியர். 1950இல் சென்னைக்கு வந்து கணக்காயர் அலுவலகத்தில் எழுதுவினைஞரானார். பகலில் பேரேடு, இரவில் நாடகம். 'மேஜர் சந்திரகாந்த்' முதலில் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, பிறகு தமிழில் மேடையேறி, சுந்தரராஜன் என்ற நடிகருக்கு ஆயுள் முழுக்க 'மேஜர்' பட்டத்தை வாங்கிக் கொடுத்தது. நாகேஷுக்காக எழுதிய 'சர்வர் சுந்தரம்' 1964இல் படமானது. 1965இல் 'நீர்க்குமிழி'யோடு அவரே இயக்குநர் நாற்காலியில் அமர்ந்தார்.

கந்தோர் முடிந்து வந்து ஒத்திகை பார்க்கிற அமெச்சூர் நாடகக்காரனிடம் காசு இராது. ஒரு வீடு, இரண்டு கதவு, ஆறேழு பேர். அதற்குள் இரண்டரை மணித்தியாலம் சனத்தைக் கட்டிப்போட வேண்டும். அவருடைய 'எதிர்நீச்சல்' பார்த்தவர்களுக்கு அந்த ஒண்டுக்குடித்தன வீடும் மாடிப்படி மாதுவும் நினைவிருக்கும். இன்னொருவரும் நினைவிருப்பார், இருமல் தாத்தா. ஆளை ஒருமுறையாவது காட்டினார்களா? இல்லை. இருமல் மட்டும் கேட்கும். அந்த இருமலில் ஒரு கிழவனின் வயதும் தனிமையும் அந்த வீட்டின் நெருக்கடியும் தெரிந்துவிடும். செலவு ஒரு சதமும் இல்லை. சின்னத்திரைக்கு வேண்டியது இந்தக் கைவேலைதான். பெரிய திரையின் மலையும் அருவியும் பதினான்கு அங்குலப் பெட்டியில் தீப்பெட்டிப் படமாகிவிடும். மனித முகமும் குரலும் மட்டும்தான் சுருங்காது. மேடையில் கற்றதைத் தொலைக்காட்சியில் எடுத்துச் செலவழித்தார் என்று சொன்னால் பிழையில்லை.

அப்போது தூர்தர்ஷனுக்கு என்று ஓர் ஒழுங்கு இருந்தது. இந்தியாவின் முதல் பெருந்தொடரான 'ஹம் லோக்' 1984 ஜூலையில் தொடங்கியது. மெக்சிகோவில் மிகேல் சபிதோ என்பவர் கல்வியையும் குடும்பக் கதையையும் கலந்து செய்த தொடர்களைப் பார்த்து வந்த யோசனை அது. எழுதியவர் மனோகர் ஷியாம் ஜோஷி. ஒவ்வொரு பகுதியின் கடைசியிலும் நடிகர் அசோக் குமார் வந்து பார்ப்பவர்களோடு பேசுவார். அது நூற்றைம்பது பகுதிக்கு மேல் ஓடியது. ஆனால் அதன் பின் வந்த பெரும்பாலான தொடர்களுக்குக் கிடைத்த அளவு 13 வாரம். கதையை முன்கூட்டியே காட்டி அனுமதி பெற வேண்டும். வாரம் ஒரு நாள், அரை மணித்தியாலம். பிடித்திருந்தால் நீட்டிப்புக் கேட்கலாம். கிடைத்தாலும் கிடைக்கும், கிடைக்காமலும் போகும்.

இந்தக் கெடுபிடியைத் திட்டாத தயாரிப்பாளர் இருந்திருக்கமாட்டார். கந்தோர் கந்தோராக அலைச்சல், கோப்பு நகராது, யாரோ ஒரு அதிகாரிக்கு வசனம் பிடிக்காது. அந்த முறைக்குக் கோயில் கட்ட வேண்டியதில்லை. ஆனால் அதற்குள் ஒரு நன்மை ஒளிந்திருந்தது. 13 வாரத்தில் முடிக்க வேண்டும் என்றால், முதல் வாரம் எழுதும்போதே கடைசி வாரம் தெரிந்திருக்க வேண்டும். கதை எங்கே போய்ச் சேரும் என்று தெரியாதவன் அந்த வாசலுக்குள் நுழையவே முடியாது.

'கையளவு மனசு' இதற்கு நல்ல சாட்சி. கீதா நடித்த அம்மா. உயிர்கொல்லி நோய் வந்துவிட்டது, நாள் எண்ணப்படுகிறது. போவதற்கு முன் தன் பிள்ளைகளை ஒவ்வொருவராக நல்ல கைகளில் ஒப்படைத்துவிட வேண்டும். அம்மா பிழைக்கமாட்டாள் என்பது பார்க்கிற எல்லாருக்கும் தெரியும். அதில் மர்மம் இல்லை, வில்லன் இல்லை, விஷம் கலந்த பால் இல்லை. இந்தப் பிள்ளை யாரிடம் போகும், அந்த வீட்டு வாசலில் அவள் எப்படித் திரும்பி நடப்பாள் என்பதற்காகத்தான் சனம் ஒரு வாரம் முழுக்கக் காத்திருந்தது. இடம்பெயர்ந்து, உறவினர் வீடுகளில் பிள்ளைகளை விட்டுவிட்டு அகதி முகாமுக்குப் போன தாய்மார் மன்னாரில் எத்தனை பேர். அவர்கள் அந்தத் தொடரை இன்னொரு நாட்டுக் கதையாகப் பார்த்திருக்க முடியாது.

இந்தத் தொடரில் நடித்த கன்னட நாடக இளைஞர் ஒருவரைக் கீதாதான் பாலசந்தருக்கு அறிமுகப்படுத்தினார். 1994இல் 'டூயட்' படத்தில் அவரைப் பெரிய திரைக்குக் கொண்டுவந்தார் பாலசந்தர். பெயர் பிரகாஷ் ராஜ்.

1993 ஏப்ரலில் சன் தொலைக்காட்சி வந்தபின் காட்சி மாறியது. பாலசந்தரும் மாறினார். 'காதல் பகடை', 'பிரேமி', 'ஜன்னல்' என்று எழுதினார். 'பிரேமி'யில் நடித்த ரேணுகாவை இன்றும் அந்தப் பெயரை முன்னால் போட்டுத்தான் அடையாளம் சொல்கிறார்கள். பிறகு ஜெயா தொலைக்காட்சியில் 'அண்ணி'யும், 'சிந்து பைரவி'யின் தொடர்ச்சியாகச் 'சஹானா'வும் வந்தன. பதினெட்டு வருடத்துக்கு முன் தான் முடித்த ஒரு கதையைத் தூசி தட்டி எடுத்து, அந்த மனிதர்கள் பிறகு எப்படி வாழ்ந்தார்கள் என்று ஒரு படைப்பாளி தானே தேடிப் போனது தமிழில் அபூர்வம்.

எழுதியதை விடவும் அவர் நடத்திய பட்டறை முக்கியம் என்று தோன்றுகிறது. மகள் புஷ்பா கந்தசாமி கவிதாலயாவின் தயாரிப்புப் பக்கத்தைப் பார்த்தார். அமெரிக்காவில் படம் படித்துவிட்டு வந்த மகன் கைலாசம் 'மின்பிம்பங்கள்' நிறுவனத்தைத் தொடங்கினார். அதிலிருந்து நாகா இயக்கிய 'மர்மதேசம்' வந்தது. எழுதியவர் இந்திரா சௌந்தர்ராஜன், 2024 நவம்பரில் காலமானவர். 'விடாது கருப்பு' பகுதி ஓடிய இரவுகளில் முற்றத்து இருட்டுக்குத் தனியே போகப் பயந்த பிள்ளைகள் இப்போது பிள்ளை பெற்றவர்களாகிவிட்டார்கள். அதே நாகா, சின்னச் சின்னக் கணவன் மனைவிச் சண்டைகளை வைத்து 'ரமணி வெர்சஸ் ரமணி'யையும் செய்தார். ஒரே பட்டறையில் பேயும் பிறந்தது, சிரிப்பும் பிறந்தது. சமுத்திரக்கனி அந்தப் பட்டறையில் உதவியாளராக இருந்து வந்தவர்தான்.

பாலசந்தரைத் தூக்கி வைத்துப் பேசும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவருக்கும் சறுக்கல் உண்டு. குறியீட்டு மோகம் அவரை விட்டதே இல்லை. பாத்திரம் அழுதால் குழாயும் அழும், சேர்ந்து மழையும் பெய்யும். பெண்ணைப் புதுமைக்காரியாகக் கொண்டுவந்து கடைசியில் தியாகியாக்கி உட்கார்த்திவிடுகிற வழக்கம் படத்தைப் போலவே தொடர்களிலும் தொடர்ந்தது. வாரத் தொடர் தினத் தொடரானபோது அவர் கையிலும் நூல் தளர்ந்தது. நூற்றுக்கணக்கான பகுதிகள் ஓடிய கதைகளில் பழைய இறுக்கம் இல்லை என்பதை அவருடைய ரசிகர்களே ஒப்புக்கொள்வார்கள்.

தளர்ந்தது அவர் மட்டுமா? ராதிகாவின் 'சித்தி' 1999 முதல் 2001 வரை நாளாந்தம் ஓடி, இரவுச் சாப்பாட்டு நேரத்தையே மாற்றியது. 'மெட்டி ஒலி' எண்ணூறு பகுதியைத் தாண்டியது. திருச்செல்வம் இயக்கிய 'கோலங்கள்' 2003 முதல் 2009 வரை 1,500க்கும் மேற்பட்ட பகுதிகள். இவற்றில் நல்ல எழுத்தே இல்லை என்று சொல்வது பொய். 'மெட்டி ஒலி'யின் ஐந்து பெண்களைப் பெற்ற அப்பாவை மறக்க முடியுமா? சிக்கல் வேறிடத்தில். தினமும் அரை மணித்தியாலம், வருடக்கணக்கில், முடிவுத் திகதி இல்லாமல் எழுதுகிறவருக்குக் கதை கையில் இல்லை. விளம்பரமும் வாராந்தப் பார்வையாளர் எண்ணிக்கையும்தான் கதையை ஓட்டுகின்றன. எண்ணிக்கை இறங்கினால் கதாநாயகிக்கு நினைவு தப்பும். இன்னும் இறங்கினால் செத்தவர் எழும்பி வருவார்.

அதே திருச்செல்வம் 2022இல் தொடங்கிய தொடருக்கு வைத்த பெயரும் 'எதிர்நீச்சல்'தான். ஆதி குணசேகரனாக அதட்டிக்கொண்டிருந்த ஜி. மாரிமுத்து 2023 செப்டெம்பரில் திடீரென இறந்தபோது தொடர் நிற்கவில்லை. கதையைச் சுற்றி வளைத்து, பாத்திரத்தை மறைத்து வைத்து, பிறகு வேறொரு நடிகரைக் கொண்டுவந்தார்கள். மன்னார் கடைத்தெருவில் அந்த வாரம் பேச்சு முழுக்க அதுதான்: இனி யார் வருவார்? ஒரு மனிதனின் சாவுக்குக்கூட நின்று மூச்சுவிட நேரமில்லாத எந்திரம் அது. எழுதுகிறவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

சரி, இந்தப் பக்கக் கரையில் யார் எழுதினார்கள்?

இங்கேயும் ஒரு பாலச்சந்திரன் இருந்தார். கே. எஸ். பாலச்சந்திரன், 1944இல் கரவெட்டியில் பிறந்தவர். தனி ஆளாக ஒரு பஸ்ஸையே மேடைக்குக் கொண்டுவந்த 'அண்ணை றைற்' இன்றும் சனத்தின் வாயில் இருக்கிறது. வானொலிக்கு எழுதி நடித்த 'வாத்தியார் வீட்டில்' யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டை மன்னார்க் குடிசைக்குள்ளும் கொண்டுவந்தது. பிறகு கனடாவுக்குப் போய், ரொறன்ரோவில் தமிழ்த் தொலைக்காட்சிக்கு 'வொண்டர்ஃபுல் வை. ரி. லிங்கம் ஷோ' என்று ஒரு நகைச்சுவைத் தொடரும் செய்தார். 2014 பெப்ரவரியில் அங்கேயே கண்மூடினார். நன்னிலத்துப் பாலசந்தர் போனதும் அதே வருடம், டிசெம்பர் 23இல். ஒருவருக்கு இந்தியாவின் தாதாசாகேப் பால்கே விருது. மற்றவருக்குத் தன் தொடருக்கான தொலைக்காட்சி நேரத்தைப் பனி கொட்டும் நாட்டில் போய்த் தேட வேண்டியிருந்தது.

எழுத ஆளில்லாததால் வந்த குறை இது என்று யாரும் சொல்ல முடியாது. இலங்கை வானொலி ஒரு தலைமுறை நாடக எழுத்தாளர்களை வளர்த்துவிட்டது. சில்லையூர் செல்வராசன் எழுதிய 'தணியாத தாகம்' மக்கள் வங்கியின் அனுசரணையில் தொடராக ஒலித்தபோது வீடுகளில் வேலை நின்றது. மரிக்கார் எஸ். ராமதாஸ் எழுதிய 'கோமாளிகளின் கும்மாளம்' வானொலியில் புகழ்பெற்று 1976இல் 'கோமாளிகள்' என்று படமாகவே வந்தது. முஸ்லிம், சிங்களவர், யாழ்ப்பாணத்தார், ஐயர் என்று நான்கு பேச்சுவழக்கை ஒரே கதைக்குள் கொண்டுவந்து சிரிக்கவைத்த எழுத்து அது. இதைவிடப் பெரிய பயிற்சி தொலைக்காட்சிக்கு வேறென்ன வேண்டும்?

சிங்களத்தில் எழுத்திலிருந்து தொலைக்காட்சிக்கு ஒரு பாலம் போடப்பட்டது. நாட்டில் தொலைக்காட்சி 1979இல் வந்தது. ரூபவாஹினி 1982 பெப்ரவரியில் ஜப்பானிய உதவியோடு தொடங்கியது. டி. பி. நிஹால்சிங்ஹவின் 'திமுது முத்து'வில் தொடங்கிய சிங்களத் தொலைநாடகம், சினிமாவின் மிகப்பெரிய ஆட்களையே இழுத்துக்கொண்டது. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் புன்யகாந்தி விஜேநாயக்கவின் நாவலை 'கிரய' என்ற தொடராக்கினார். தர்மசேன பத்திராஜ 'கடுல்ல' செய்தார். இரண்டும் 1990களின் தொடக்கம், அதாவது பாலசந்தர் சென்னையில் அதே திசையில் திரும்பிய காலம். எல்லாம் அளந்த பகுதிகள், முடிவு தெரிந்த கதைகள். பத்திராஜவோ யாழ்ப்பாணத்தில் வந்து 'பொன்மணி' என்ற தமிழ்ப் படமும் எடுத்தவர். அவரைக் கூப்பிட்டு ஒரு தமிழ்த் தொடர் செய்யச் சொல்லி யாருக்கும் தோன்றவில்லை.

போர் ஒரு காரணம். மறுக்க முடியாது. கோபுரம் விழுந்த நிலத்துக்கு யார் நாடகம் எடுப்பார்கள்? தமிழ் நிகழ்ச்சிக்கு ஒதுக்கிய நேரம் ஒரு பக்கம் குறைவு, காசு இன்னொரு பக்கம் குறைவு. ஆனால் போர் முடிந்தும் பதினைந்து வருடம் கடந்துவிட்டது. சக்தி தொலைக்காட்சி 1998 முதல் இருக்கிறது. வசந்தம் 2009இல் வந்தது. நேத்ரா இருக்கிறது. 2006இல் வெளிநாட்டுத் தொடர்களுக்கு அரசு வரி போட்டபோது, உள்ளூர்க் கலைஞர்களைக் காப்பாற்றவே என்று சொன்னார்கள். சிங்களத்தில் அது ஓரளவுக்கு உதவியிருக்கலாம். தமிழில் காப்பாற்ற என்ன இருந்தது? சென்னையிலிருந்து வாங்கிப் போடுவது, ஒரு தொடரைப் புதிதாக எடுப்பதைவிட மலிவு. வரியைக் கட்டிவிட்டு வாங்கினார்கள். சனமும் டிஷ் வாங்கி நேரடியாகச் சென்னைக்கே போய்விட்டது.

தமிழ்நாட்டுத் தொடரைப் பார்க்கிற அம்மாமாரைக் கிண்டல் செய்வது இங்கே சில படித்தவர்களின் பொழுதுபோக்கு. அது வேண்டாத வேலை. பசித்தவர் கிடைத்ததைச் சாப்பிடுகிறார். கீரியில் வலை தெரிந்துவிட்டு, கருவாடு புரட்டிவிட்டு ஒன்பது மணிக்கு உட்காருகிற பெண்ணுக்குத் தன் வீட்டுப் பேச்சில் ஒரு கதை கிடைத்தால் பார்க்கமாட்டேன் என்றா சொல்லப்போகிறாள்? தன் பிள்ளையின் வாயில் "ஏய், இந்தாம்மா" வருவதையும் "எணேய்" மறைவதையும் அவள் கவனிக்காமல் இல்லை.

முடிவு தெரிந்த கதையை ஆடிக் காட்டுகிற வித்தை மன்னாருக்குப் புதிதுமில்லை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் தேடிப் பதிப்பித்த 'என்றிக் எம்பரதோர்', 'மூவிராசாக்கள்', 'ஞானசௌந்தரி' எல்லாம் இந்த மாதோட்ட மண்ணின் நாடகங்கள். விடிய விடிய ஆடுவார்கள். பேசாலை உடக்குப் பாஸ் இன்னும் பெரிய எடுத்துக்காட்டு. சிலுவையில் முடியும் என்று கைக்குழந்தைக்கும் தெரிந்த கதை. உடக்கு என்கிற உருவங்களை வைத்துக் காட்டுகிறார்கள், ஒவ்வொரு முறையும் சனம் திரண்டு அழுகிறது. முடிவு தெரிந்தால் பார்க்கமாட்டார்கள் என்று சொல்லும் தொலைக்காட்சி அதிகாரியை ஒருமுறை பேசாலைக்குக் கூட்டிவந்து மணலில் உட்காரவைக்கலாம்.

கேட்பது பெரிய காரியமில்லை. இருக்கிற தமிழ் அலைவரிசைகளில் ஏதாவது ஒன்று, ஞாயிறு இரவு அரை மணித்தியாலத்தை எடுத்து 13 வாரத்துக்கு ஒரு எழுத்தாளரிடம் கொடுக்கட்டும். முழுக் கதையையும் முதலே எழுதி வாங்கட்டும். மன்னாரில் ஒரு கதை, அது முடிந்ததும் மட்டக்களப்பில் ஒன்று, பிறகு ஹற்றனில். இரண்டு வீடும் ஒரு வாடியும் போதும். இருமல் தாத்தாவுக்குச் சம்பளமும் இல்லை. அனுசரணைக்கு வங்கிகள் வரும். முன்பு ஒரு வங்கி வந்திருக்கிறது. எழுதியவரின் பெயர் நடிகரின் பெயருக்கு முன்னால் திரையில் விழ வேண்டும் என்பது மட்டும் கொஞ்சம் பிடிவாதமாகக் கேட்க வேண்டியது.

முதல் இரண்டு மூன்று தொடர்கள் சொதப்பும். சொதப்பட்டும். பாலசந்தரும் எடுத்த எடுப்பில் 'கையளவு மனசு' எழுதிவிடவில்லை. அதற்கு முன்னால் கந்தோர் முடிந்த பிறகு நாடகம் போட்ட எத்தனையோ வருடங்கள் இருந்தன.

கடைசிவரை அவர் ஓயவில்லை. கடைசிப் படமான 'பொய்' 2006இல் வந்த பிறகு, மறுபடி மேடைக்குப் போய் நாடகம் போட்டார். 80ஐத் தாண்டிய பிறகு கலைஞர் தொலைக்காட்சிக்காக 'அமுதா ஒரு ஆச்சரியக்குறி' எழுதினார், மீண்டும் ரேணுகாதான். 2014 ஓகஸ்ட்டில் மகன் கைலாசம் இறந்தார். நான்கு மாதம் கழித்து அப்பாவும் போனார்.

அந்தச் செய்தி கரையோரத்துக்கு வந்தது நத்தாருக்கு இரண்டு நாள் முன்னால். பாலன் குடில் கட்டுகிற மும்முரத்தில் இருந்த வீடுகளில் தொலைக்காட்சி பழைய பாட்டுகளைப் போட்டுக்கொண்டிருந்தது. இப்போது அவருடைய தொடர்கள் பலவற்றைக் கவிதாலயாவே யூரியூப்பில் போட்டுவைத்திருக்கிறது. கையடக்கத் தொலைபேசியில் பார்க்கலாம். யாரும் கூரையில் ஏற வேண்டியதில்லை. மீன்முள் அன்ரனாக்கள் உப்புக் காற்றில் இற்றுப் போய்விட்டன. குழாய்கள் மட்டும் சில வீடுகளில் இன்னும் நிற்கின்றன. டிசெம்பர் வந்தால் அதன் உச்சியில் நத்தார் வெள்ளியைக் கட்டுகிறார்கள். கீழே நிற்கிறவர் அண்ணாந்து பார்த்து, கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பச் சொல்கிறார், றோட்டால் போகிறவர்களுக்குத் தெரியட்டும் என்று.

"காணும், காணும்."